கார்த்திகையில் பச்சையாக இருந்த சவுட்டுக்காடு

என் கூடப்பிறந்த தம்பியை நான் ஏமாற்றினேன். பாகப்பிரிவினையில் ஒன்றுக்கும் உதவாத உப்பு நிலத்தை அவன் தலையில் கட்டிவிட்டுக் கிணற்று நிலத்தை நான் வைத்துக்கொண்டேன். தெரியாமல் நடந்ததல்ல. நாள் பார்த்து, மழை பார்த்து, விதை தூவிச் செய்தேன். அப்போது நான் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பசிக்குச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

அந்த நிலத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எடப்பாடிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊரைவிட்டு வண்டித் தடத்தில் வெகுதூரம் ஏறிப் போனால் மூன்று பக்கமும் கரடு சூழ்ந்த ஒரு மேடு வரும். எங்கள் ஊர் நிலங்களிலேயே உயரமானது அதுதான். கரடு என்றால் மரம் செடி இல்லாத சின்னப் பாறைக் குன்று. வெங்கச்சங்கல் வெள்ளை வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருக்கும். நாலாவது பக்கமான தெற்கே ஒரு மண் திட்டு. இவற்றின் நடுவில் தாம்பாளத்தைக் கவிழ்க்காமல் வைத்தது போல ஒரு சமவெளி. உப்பு நிலம் பள்ளத்தில்தான் இருக்கும், ஏரிக்குக் கீழேதான் இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். இது உச்சியில் இருந்தது. அங்கே வீடு கிடையாது, கிணறு கிடையாது, ஆடு மேய்ப்பவர்கூட நிழல் இல்லாததால் ஏறமாட்டார். ஊரார் அதைச் சவுட்டுக்காடு என்பார்கள்; சவுடு என்றால் உவர்மண், காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம்.

மாசி பிறந்ததும் அது பூக்க ஆரம்பிக்கும். முதலில் அங்கங்கே பச்சரிசி மாவைச் சிந்தியது போல இருக்கும். பங்குனியில் அவையெல்லாம் ஒன்றுசேர்ந்து நிலம் முழுவதும் வெளுத்துவிடும். காலை வைத்தால் மேல்தோல் அப்பளம் போல நொறுங்கும். அடியில் புழுதி, கணுக்கால் வரை இறங்கும். விடியற்காலையில் சில இடங்கள் எண்ணெய் கொட்டியது போலக் கறுத்து ஈரமாகத் தெரியும். வெயில் ஏற ஏற அதுவும் வெள்ளையாகிவிடும். நாக்கில் வைத்தால் சமையல் உப்பின் ருசி இருக்காது. சோப்பு போல வழுக்கி, பிறகு கசக்கும். சித்திரையில் காற்றடித்தால் வெள்ளைப் புழுதி எழுந்து கண்ணை அரிக்கும். நடுப்பகலில் தூரத்தில் தண்ணீர் நிற்பது போல கானல் ஆடும். ஆள்காட்டிக் குருவி மட்டும் அந்த வெறுந்தரையில் முட்டை வைத்துவிட்டு, யார் வந்தாலும் கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றும்.

மழைக்காலத்தில் அது வேறு நிலம். ஐப்பசி மழையில் உப்பெல்லாம் கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். கரட்டிலிருந்து வடிந்த தண்ணீர் டீ நிறத்தில் கொஞ்ச நாள் தேங்கி நின்று மெதுவாக வற்றும். வற்றியபின் ஓரமெல்லாம் புல் முளைக்கும். கார்த்திகையில் அங்கே வந்து நிற்கும் புது ஆளுக்கு அது நல்ல சமமான காடு. என் குற்றம் முழுவதும் இந்த ஒரு மாதத்துக்குள் இருக்கிறது.

தம்பி எங்கள் ஊரில் வளரவில்லை. அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். வாழப்பாடியில் இருந்த தாய்மாமன் அவனைத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். விசேஷங்களுக்கு வருவான், இரண்டு நாள் இருப்பான், போய்விடுவான். அவன் பேச்சுக்கூட கிழக்கத்திப் பேச்சாகிவிட்டது. ஊரில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எழுபதுகளின் நடுவில் அப்பா இறந்தார். தம்பிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. சொந்த நிலத்தில் இருந்து பிழைக்கிறேன் என்று சொல்லி மனைவியோடு வந்து நின்றான். அவன் கேட்டது அவன் பங்கை. அவனுக்கு அது ஒன்றுதான் இருந்தது. மாமனுக்கும் மூன்று மகன்கள். அங்கே திரும்பிப் போக இடமில்லை.

எங்கள் பக்கம் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். பிரிப்பவன் ஓரவஞ்சனை செய்தால் அவனுக்கே நஷ்டம் என்பதற்காக வைத்த முறை. இன்னொன்றும் உண்டு. இளையவன் எடுக்கும் நேரத்தில் கூட நிற்கும் பெரியவர்கள் எந்த நிலத்தைப் பற்றியும் நல்லது கெட்டது சொல்லக் கூடாது. யாரும் ஒரு பக்கம் பேசிவிடக் கூடாது என்பதற்காக. நியாயத்துக்காக வைத்த இந்த இரண்டையும் நான் அநியாயத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

தை பிறந்ததும் பிரித்துக்கொள்ளலாம் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். நான் விடவில்லை. தையில் புல் காய்ந்து நுனியெல்லாம் வெளுக்கத் தொடங்கிவிடும். மார்கழியில் நல்ல காரியம் ஆகாது, அதைத் தாண்டி இழுத்தடித்தால் உறவு கெடும், கார்த்திகையிலேயே முடித்துவிடலாம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என்ன பொறுப்பான அண்ணன் என்றார்கள். அதற்கு முன்பே, ஐப்பசி முதல் மழையில், அப்பா காலத்தில் ஒருநாளும் விதைக்காத அந்த நிலத்தில் தீவனச் சோளத்தை அடர்த்தியாகத் தூவியிருந்தேன். கார்த்திகையில் முழங்கால் உயரம் நின்றது. வருடாவருடம் கோடையில் அங்கே வந்து துணி வெளுக்க உவர்மண் அள்ளும் சலவைக் குடும்பத்திடம் அந்த வருடம் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவர்கள் அள்ளிய குழிகளைச் சமப்படுத்தி வைத்தேன். நினைத்துப் பார்க்கிறேன்: இவ்வளவு கவனத்தோடு என் வாழ்க்கையில் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

பங்கு எடுக்கும் நாளில் கிணற்று நிலத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் மேட்டுக்கு ஏறினோம். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுச் சோளத்துக்குள் நடந்தான்.

"என்னாண்ணா, இது இம்மாம் பெரிசா கெடக்குது. அது இதுல பாதி கூட இல்லியே, ஏன்?"

"இங்க கெணறு இல்ல தம்பி. அளவைக் கூட்டி வெச்சாத்தானே சமமாகும்."

"கெணறு இல்லன்னா என்னா. திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிய கூட்டியாந்து ஒரு போர் போட்டா தீந்துது. எடம் பாரு, தட்டு மாதிரி. ஏர் ஓட்டறதுக்கு எவ்ளோ லேசு."

சித்தப்பா ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "நல்லா நடந்து பாத்துக்க சாமி. எடுத்துப்போட்டு அப்பறம் அழுவக் கூடாது" என்றார். அதுதான் அவர் மனசாட்சி. அதற்கு மேல் அவர் பேசவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது சவுட்டுக்காடு என்று தெரியும். அன்றும் சரி, அதற்குப் பிறகு தம்பி காதுபடவும் சரி, ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. மேட்டுக்காடு, மேட்டுக்காடு என்றே சொன்னார்கள். தம்பி மேட்டுக்காட்டை எடுத்தான்.

தம்பி முன்னால் இறங்கிப் போனதும் சித்தப்பா என் தோளில் தட்டினார். "வாத்தியாரே, பள்ளிக்கோடத்துல இந்தக் கணக்கையும் சொல்லித் தர்றீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல வருடம் அந்த ஊரில் என்னைச் சாமர்த்தியசாலி என்றார்கள். சொந்தத் தம்பியிடமே திருடியவனுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சொன்னவர்கள் மேலும் எரிகிறது. அதைக் கேட்டு அன்று குளிர்ந்துபோன என் மேலும் எரிகிறது.

மாசியில் தம்பி என் வீட்டுக்கு வந்தான். துண்டில் முடிந்து கொஞ்சம் மண் கொண்டுவந்திருந்தான். வெள்ளையாகப் பூத்திருக்கிறது, சோளம் கருகிவிட்டது, என்ன இது என்று கேட்டான். அவனுக்கு வேறு யாரைக் கேட்பது? அண்ணன் படித்தவன், மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், "புதுசா ஒழவு பட்ட மேட்டு நெலம் அப்படித்தான் இருக்கும். எரு போடு. ஏரி வண்டல் அடி. ரண்டு மூணு வருசத்துல சரியாயிரும்" என்றேன். முதலில் செய்ததைவிட இது பெரிய பாவம். முதலாவது அவன் நிலத்தை எடுத்துக்கொண்டது. இது அவன் வருடங்களை எடுத்துக்கொண்டது.

அவன் வண்டல் அடித்தான். ஏரியிலிருந்து அந்த மேட்டுக்கு ஒற்றை மாட்டு வண்டியில், கோடை முழுவதும். அவன் மனைவி கூடையில் வாரிப் போட்டாள். ஒவ்வொரு ஐப்பசியிலும் விதைத்தான். ஒவ்வொரு மாசியிலும் அது வெளுத்தது. போர் போட்டான். தண்ணீர் வந்தது. ரிக்காரர்கள் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் கசந்தது. மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு அவன் அடுத்தவர் நிலத்தில் மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போனான். அந்த வழியாக நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவேன். "வாரேன் தம்பி" என்று கையைக் காட்டிவிட்டுப் போவேன். அவனும் கையைக் காட்டுவான்.

எண்பதுகள் பிறந்திருந்தன. ஒரு பங்குனியில் அந்தச் சலவைக் குடும்பத்துப் பெண் கழுதைகளை ஓட்டிக்கொண்டு மறுபடியும் மேட்டுக்கு வந்தாள். அவர்கள் இடையில் மண் அள்ளிய இடத்தில் யாரோ வேலி போட்டுவிட்டார்களாம். தம்பி அங்கே இருந்தான். நடந்ததைப் பிற்பாடு தம்பி மனைவி என் மனைவியிடம் சொல்லி அழுதாள். அப்படித்தான் எனக்குத் தெரியும்.

"ஏனுங்க சாமி, இந்த வருசமாச்சும் மண்ணு அள்ளிக்கட்டுங்களா?"

"எந்த மண்ணு?"

"இந்தச் சவுட்டு மண்ணுதானுங்க. எங்க மாமியா காலத்துலருந்து இங்கதானுங்க அள்ளுவோம். பாகம் பிரியற வருசம் இந்தப் பக்கமே தல காட்டக் கூடாதுன்னு உங்கண்ணன் வாத்தியாரு சொல்லிப்போட்டாருங்க. அதான் இத்தன நாளா வர்ல."

தம்பி அவளை அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டான். சாக்குப் பிடித்து உதவியும் செய்தானாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "கொஞ்சம் மேட்டுக்கு வாண்ணா" என்றான். வெள்ளைவெளேரென்று கிடந்த நிலத்தின் நடுவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"உன் பள்ளிக்கூடத்துல பசங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லு. இது என்னா மண்ணு?"

"எதுக்குத் தம்பி இப்ப..."

"சொல்லு. நான் அவ்ளோ படிக்கல. கேட்டுக்கறேன்."

நான் சொன்னேன். என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. சுற்றிலும் கரடு, தண்ணீர் வெளியேற வழி இல்லை, அடியில் பாறை என்றேன். மழைத் தண்ணீர் கல்லிலும் மண்ணிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்கிறது, வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது என்றேன். மழைக்காலத்தில் கீழே இறங்கி, கோடையில் ஈரத்தோடு மேலே ஏறி வருகிறது. உலகத்தின் மிக உயரமான பீடபூமிகளில், மலைகளுக்கு நடுவே, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இப்படி உப்பு வெளிகள் உண்டு. அங்கே யாரும் குடியிருப்பதில்லை, இது அவற்றில் ஒரு சின்னத் துண்டு. வருடாவருடம் ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்துகிற பாடம் அது. பசங்களுக்குப் புரியட்டும் என்று இந்த இடத்தையே உதாரணம் சொல்லியும் இருக்கிறேன். வகுப்பறையில் நாற்பது பேருக்குச் சொன்னதை என் தம்பி ஒருவனுக்குச் சொல்லாமல் இருந்தேன்.

தம்பி வகுப்புப் பையனைப் போலவே கேட்டுக்கொண்டான். "வண்டல் அடிச்சா போவுமா?" என்றான்.

"போகாது."

"எரு?"

"போகாது."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும்."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே குனிந்து, தான் கொட்டிய வண்டல் மண்ணில் ஒரு கட்டியை எடுத்து, கையிலேயே நசுக்கி உதிர்த்தான். பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

அன்று இரவே மனைவியிடம் சொன்னேன், கிணற்று நிலத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு உவர் நிலத்தை நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று. நான் திட்டமிட்டுச் செய்தது அதுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் நான் எதிர்பார்த்த விதத்தில் இல்லை.

"ஏனுங்க, தப்புப் பண்ணுனது நீங்க. எம்பட புள்ளைங்க என்னங்க பண்ணுச்சு? சவுட்டுல ஒல வெச்சு அதுங்களுக்குச் சோறாக்கறதா?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவளிடம் நான் கத்தினேன். அந்த வீட்டில் கத்த எனக்கு என்ன தகுதி இருந்தது என்று தெரியவில்லை. கத்தினேன்.

தம்பி மாற்றிக்கொள்ளச் சம்மதித்தான். வேண்டாம் என்று கௌரவம் பார்க்கவில்லை. அது அவன் நிலம்தானே. பத்திரம் பதிந்துவிட்டு வெளியே வந்ததும் ஒன்று மட்டும் சொன்னான்: "அத வித்துட்டுப் போயிடாத. நீயே வெச்சுக்க."

நான் வைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் படிப்பு விடவில்லை. தண்ணீர் வெளியேற வழி இல்லாததால்தானே உப்பு தங்குகிறது, வழி வெட்டிவிட்டால் என்ன என்று யோசித்தேன். இந்த நிலத்தைத் திருத்திக் காட்டினால், தம்பிக்கு முன்னால், ஊருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கலாம் என்றும் நினைத்தேன். பரிகாரத்திலும் எனக்குப் பெருமை வேண்டியிருந்தது. ஆடியில் ஆள் வைத்துத் தெற்குப் பக்கத்து மண் திட்டை வெட்டி ஆழமாக ஒரு வாய் திறந்தேன். நிலத்தில் குறுக்கும் நெடுக்கும் கால்வாய் எடுத்து அதில் சேர்த்தேன். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. தேங்கிய தண்ணீர் முழுவதும் கலங்கிப் பாய்ந்து வெட்டிய வாய் வழியாக வெளியே போனது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேழ்வரகு விதைத்தேன். நடுவில்கூட முளைத்தது. மாசியில் வெளுப்பு பாதிதான். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

வெளியே போன தண்ணீர் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருடமும் மழை. அடுத்த வருடமும் பாய்ந்தது. அது மேட்டிலிருந்து ஓடையில் இறங்கி, ஓடை வழியாகக் கிணற்று நிலத்தின் ஓரத்தில் வந்து தேங்கிச் சுவறியது. தம்பியின் கிணறு கசந்தது. அவன் மஞ்சள் போட்டிருந்தான். இலை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து தாள் முழுவதும் காய்ந்தது. என்னிடம் வந்து கேட்கவில்லை. இந்தமுறை அவனுக்கே தெரிந்துவிட்டது. நான்தானே பாடம் நடத்தியிருந்தேன்.

சேதி கேட்டு நான் மண்வெட்டியோடு மேட்டுக்கு ஓடியபோது, அவன் ஏற்கெனவே அந்த வாயைக் கல்லும் களிமண்ணும் போட்டு மூடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நானும் ஒரு கல்லைத் தூக்கினேன்.

"அதை அங்க வெச்சிட்டுப் போண்ணா."

"எனக்குத் தோணல தம்பி. நல்லதுன்னு நெனச்சு..."

அவன் நிமிர்ந்தான். அவ்வளவு வருடத்தில் முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது.

"நீ கெட்டது பண்ணுன, தாங்கிக்கிட்டேன். எனக்கு நல்லது பண்ணாத. என்னால தாங்க முடியல."

கல்லை வைத்துவிட்டு வந்தேன். அவன் தனியாகவே மூடி முடித்தான். தண்ணீர் பழையபடி மேட்டிலேயே தேங்கியது, உப்பு பழையபடி அங்கேயே தங்கியது. சில மழைகளுக்குப் பிறகு அவன் கிணறு குடிக்கிற தண்ணீராகத் திரும்பியது. மறுபடி மஞ்சள் போட்டான். வீட்டுக்கு ஓடு மாற்றினான். எனக்கும் அவனுக்கும் பேச்சு குறைந்துபோய், விசேஷங்களில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வது மட்டும் மிஞ்சியது. என் பிள்ளைகள் படித்துவிட்டு ஊரைவிட்டுப் போனார்கள். எனக்கு விளையும் நிலமில்லாததை அவர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

ஊர் மட்டும் தன் வேலையைக் காட்டியது. கிணற்று நிலத்தையே தம்பிக்குக் கொடுத்துவிட்டு உவரை எடுத்துக்கொண்ட உத்தமன் என்று பேச ஆரம்பித்தது. முதலில் நடந்தது எல்லோருக்கும் மறந்துவிட்டது. மறந்தது போல இருந்துகொண்டார்கள், ஏனென்றால் அதில் அவர்களும் இருந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. சாமர்த்தியசாலி என்று என் தோளில் தட்டிய அதே சித்தப்பா, கிழவராகி, எதிர் வரிசையில் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டுப் பையன்களிடம் என்னைக் காட்டி, "அண்ணன்னா இவராட்ட இருக்கோணும். தம்பிக்காகத் தன் நெலத்தையே உட்டுக் குடுத்தவரு" என்றார். தம்பி என் பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நான் எச்சில் கையோடு எழுந்து நின்றேன். "பொய். நான் இவனை ஏமாத்துனேன். உப்பு நெலம்னு தெரிஞ்சே குடுத்தேன். உங்களுக்கும் தெரியும் சித்தப்பா, நீங்களும் அங்க நின்னீங்க" என்றேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. பிறகு சித்தப்பா பல்லில்லாத வாயால் சிரித்தார். "பாத்தீங்களா, தன்னைத்தானே கொறச்சுப் பேசறாரு. பெரிய மனுசனுக்கு அதான் அடையாளம்." பையன்கள் மரியாதையோடு என்னைப் பார்த்தார்கள். அந்த மரியாதையை அவர்கள் முகத்திலேயே வீசி அடிக்க வேண்டும் போல இருந்தது.

தம்பி தலை நிமிரவில்லை. ரசம் கொண்டுவந்தவனுக்கு இலையில் சோற்றைக் குழித்துக்கொண்டே சொன்னான்:

"உக்காந்து சாப்புடுண்ணா. அவங்க நம்ப மாட்டாங்க."

உட்கார்ந்தேன். அவன் தன் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனான்.